யுரேனியமும் காப்பரும் ஒரே ஷியர் ஸோன்ல எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் (சிங்பூமை வெச்சு)

ஜியாலஜி படிக்கிற பசங்க, போட்டித் தேர்வுக்குத் தயாராகுறவங்க, சும்மா ஆர்வத்துல கேக்குறவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளை இங்க ஒரே இடத்துல போட்டிருக்கேன். உதாரணம் எல்லாம் பெரும்பாலும் ஜார்க்கண்ட்ல இருக்கிற சிங்பூம் ஷியர் ஸோன்தான், ஏன்னா இந்தியாவுல இந்த விஷயத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஷியர் ஸோன்னா என்னங்க? ஃபால்ட்னு சொல்றதும் அதுவும் ஒன்னா?

சொந்தக்காரங்கதான், ஆனா ஒன்னு இல்ல. ரெண்டு பெரிய பாறைத் தொகுதி ஒன்னை ஒன்னு உரசிக்கிட்டு நகருதுன்னு வைங்க, பூமியோட மேல்மட்டத்துல பாறை குளிர்ந்து கெட்டியா இருக்கும், அங்க அது டப்புன்னு உடையும், அதைத்தான் ஃபால்ட்ங்கிறோம். ஆனா பத்து பதினஞ்சு கிலோமீட்டர் கீழ போயிட்டா சூடும் அழுத்தமும் ஜாஸ்தி, அங்க பாறை உடையாது, நசுங்கி நீளமா இழுபட்டு அதுல இருக்கிற மணிகள் எல்லாம் பொடிசாகி ஒரே பக்கமா படுத்துக்கும். அப்படி ஆன பாறைக்கு மைலோனைட்னு பேரு, அந்தப் பட்டை முழுசுக்கும் ஷியர் ஸோன்னு பேரு. அகலம் சில மீட்டரும் இருக்கலாம், பல கிலோமீட்டரும் இருக்கலாம்.

நம்ம விஷயத்துக்கு முக்கியமானது என்னன்னா, இந்த மாதிரி நசுங்கின பட்டை வழியாதான் ஆழத்துல இருந்து சூடான உப்புத் தண்ணி சுலபமா ஓடும். சுத்தி இருக்கிற கெட்டிப் பாறை வழியா போறதைவிட இது அதுக்கு வசதி. அது ஒரு தடவை மட்டும் நடக்காது, ஸோன் திரும்ப அசையும்போதெல்லாம் வழி திறக்கும், கொஞ்ச காலத்துல கனிமம் படிஞ்சு அடைச்சுக்கும், மறுபடி அசைஞ்சா மறுபடி திறக்கும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு இப்படியே நடக்கலாம்.

சிங்பூம் ஷியர் ஸோன் எங்க இருக்கு, எவ்வளவு பெருசு?

ஜார்க்கண்டோட தென்கிழக்கு மூலை. மேற்குல சக்ரதர்பூர் பக்கம் துவார்புரத்துல ஆரம்பிச்சு கர்சாவான், சராய்கேலா, ஜாம்ஷெட்பூருக்குத் தெற்கே துராம்டீ, அப்புறம் ஜாதுகோடா, ராக்கா, மோசாபனின்னு வந்து தென்கிழக்குல பஹராகோடா வரைக்கும் வில்லு மாதிரி வளைஞ்சு போகுது. நீளம் 160 கிலோமீட்டர்ல இருந்து 200 வரைக்கும் சொல்லுவாங்க, யார் எங்க இருந்து எங்க வரைக்கும் அளக்குறாங்கங்கிறதைப் பொறுத்து. தெற்குல 330 கோடி வருஷப் பழசான சிங்பூம் கிரானைட், வடக்குல அதைவிட இளசான மடிப்புப் பாறைகள், வடக்குப் பக்கம் தெற்குப் பக்கத்து மேல ஏறித் தள்ளின இடம்தான் இந்த ஸோன். அதனால பட்டை வடக்கு, வடகிழக்கா சாயுது, சுரங்கமும் அந்தச் சாய்வுலயே இறங்குது.

இங்க எங்க காப்பர், எங்க யுரேனியம்?

காப்பர்னா மோசாபனி, சூர்தா, கெந்தாடி, ராக்கா, பாதர்கோடா இப்படி பெரும்பாலும் தென்கிழக்குப் பாதியில. உருக்காலை காட்சிலா பக்கத்துல மௌபந்தர்ல. யுரேனியம்னா ஜாதுகோடா, பாட்டின், நர்வாபஹார், துராம்டீ, பந்துஹுராங், மொஹுல்டீன்னு நடுவுலயும் மேற்கிலயும், அப்புறம் பாக்ஜாதா மட்டும் மோசாபனி பக்கம், அதாவது காப்பர் ஏரியாவுக்குள்ளயே. துராம்டீல யுரேனியப் பட்டையும் காப்பர் பட்டையும் பக்கத்துல பக்கத்துலயே கிடக்கு.

ஜாதுகோடாவுல யுரேனியத்தோட கூட காப்பர், நிக்கல், மாலிப்டினம் சல்ஃபைடுகள் (கந்தகத்தோட சேர்ந்த கனிமங்கள்) சேர்ந்து வருது. மோசாபனி காப்பர் தாதுவுல துளியூண்டு யுரேனியம் இருக்கு. அதனால ரெண்டுக்கும் நடுவுல கோடு கிழிச்சுப் பிரிக்க முடியாது, ஆனா ரெண்டோட உச்சமும் ஒரே இடத்துல இல்ல.

அப்ப காப்பர் இருந்தா யுரேனியமும் இருக்கும்னு சொல்லலாமா?

கூடாது. இதுதான் ஜாஸ்தி பேர் தப்பா எழுதுற பதில். காப்பர் இருக்குன்னா அந்த வழியா சூடான தண்ணி ஓடியிருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான், அந்தத் தண்ணில யுரேனியம் இருந்துச்சா, இருந்தா அது அங்கயே இறங்குச்சாங்கிறது தனிக் கேள்வி. ஒரே ரூட்ல வேற வேற நேரத்துக்கு வந்த ரெண்டு பஸ் மாதிரி யோசிங்க. ஸ்டாப்பிங் ஒன்னா இருக்கலாம், அதுக்காக ரெண்டும் ஒரே டிப்போல இருந்து கிளம்புச்சுன்னு ஆகாது. உலகத்துல எத்தனையோ ஷியர் ஸோன்ல காப்பர் இருக்கு, யுரேனியம் பேருக்குக் கூட இல்ல.

ரெண்டும் வேற வேற குணம் உள்ள உலோகம்தானே, எப்படி ஒரே இடத்துல வந்து சேருது?

யுரேனியத்துக்கு ரெண்டு முகம் இருக்கு. ஆக்சிஜன் ஜாஸ்தியா இருக்கிற சூழல்ல அது ஆறு வேலன்ஸ் நிலையில (அதாவது ஆறு எலக்ட்ரானை இழந்த நிலையில) இருக்கும், அப்ப தண்ணில நல்லா கரையும், கார்பனேட்டோடயோ குளோரைடோடயோ சேர்ந்துகிட்டு எவ்வளவு தூரம் வேணா போகும். ஆக்சிஜனைப் பிடுங்குற ஏதாவது ஒன்னு குறுக்க வந்தா நாலு வேலன்ஸுக்கு இறங்கிடும், உடனே யுரேனினைட்டா (யுரேனியம் ஆக்சைடு கனிமம்) படிஞ்சிடும், அதுக்கப்புறம் லேசுல கரையாது.

காப்பர் கதை வேற. அது பயணம் பண்றது சூடான, உப்பு ஜாஸ்தியான தண்ணில, குளோரைடோட கைகோர்த்துக்கிட்டு. தண்ணி ஆறினாலோ, வேற தண்ணி கலந்து உப்பு குறைஞ்சாலோ, இல்ல சல்ஃபைடு கந்தகம் கிடைச்சாலோ இறங்கிடும். காப்பரோட இரும்பும் கந்தகமும் சேர்ந்தா சால்கோபைரைட், நம்ம சிங்பூம் காப்பர்ல பெரும்பகுதி அதுதான்.

இப்ப ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. சூடா, உப்பா, ஓரளவு ஆக்சிஜனேற்றமான தண்ணி ஒன்னு இருந்தா அது ரெண்டையும் ஒரே நேரத்துல தூக்கிட்டு வரலாம். அது ரெண்டு வேலன்ஸ் இரும்பு நிறைய இருக்கிற பாறையைத் தொட்டா (குளோரைட், பயோடைட், மேக்னடைட்ங்கிற இரும்புள்ள கனிமங்கள் இருக்கிற சிஸ்ட், அதாவது தகடு தகடா பிளக்கிற பாறை, எல்லாம் அப்படித்தான்; இந்தக் குளோரைட் ஒரு கனிமம், மேல சொன்ன குளோரைடு இல்ல) இரும்பு தன் எலக்ட்ரானைக் கொடுத்து மூணு வேலன்ஸுக்கு ஏறும், யுரேனியம் அதை வாங்கிக்கிட்டு கீழ இறங்கும். பக்கத்துலயே கந்தகம் இருந்தா காப்பரும் இறங்கிடும். இது சேர்ந்து வர்ற வழி.

பிரிஞ்சு போற வழியும் இதுலயே இருக்கு. ஆக்சிஜன் குறைஞ்ச சூடான உப்புத் தண்ணி காப்பரை நல்லாவே தூக்கிட்டுப் போகும், யுரேனியத்தைத் தொடவே தொடாது. அப்படி ஒரு தண்ணி பின்னாடி வந்துச்சுன்னா, ஏற்கனவே படிஞ்ச யுரேனினைட் பேசாம உக்காந்திருக்கும், அது மேலயும் அதோட விரிசல்லயும் சால்கோபைரைட் வந்து நிரம்பும். மைக்ராஸ்கோப்ல சிங்பூம் சாம்பிள் பாத்தவங்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் பழக்கம்.

சரி, சிங்பூம்ல எது முதல்ல வந்துச்சு?

பெரும்பாலான இடத்துல யுரேனியம் முன்ன, சல்ஃபைடு பின்ன. ஜாதுகோடா தாதுவைப் பாலிஷ் பண்ணிப் பாத்தா மேக்னடைட், அபடைட் (பாஸ்பேட் கனிமம்), யுரேனினைட் இதெல்லாம் ஒரு கூட்டமா முன்னாடி வந்திருக்கு, பைரைட் (இரும்பு சல்ஃபைடு), சால்கோபைரைட், நிக்கல் சல்ஃபைடு எல்லாம் அதைச் சுத்தியும் வெட்டியும் போயிருக்கு. ஆனா இதைக் கண்ணை மூடிட்டு எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது, பின்னால ஸோன் அசைஞ்சப்ப கொஞ்சம் யுரேனியம் மறுபடி கரைஞ்சு வேற இடத்துல படிஞ்சிருக்கு, அது சல்ஃபைடுக்கு அப்புறம் வந்தது மாதிரி தெரியும். அதே மாதிரி காப்பரும் நசுங்கி நகர்ந்து மடிப்போட முனையில குவிஞ்சிருக்கு, சால்கோபைரைட் மெத்துனு இருக்கிற கனிமம், அழுத்தம் வந்தா சட்டுனு வழிஞ்சு போயிடும்.

இதோட இன்னொரு அழகான விஷயம். யுரேனியம் சிதைஞ்சு கடைசில ஈயமா மாறும்னு தெரியும்ல, அந்த ஈயம் பக்கத்துல இருக்கிற கந்தகத்தோட சேர்ந்து பொடிப்பொடியா கலீனாவா (ஈய சல்ஃபைடு) யுரேனினைட்டுக்குள்ளயும் ஓரத்துலயும் உக்காந்திருக்கும். வெளிய இருந்து ஈயமே வரல, யுரேனியமே செஞ்சுக்கிட்டது. பக்கத்துல இருக்கிற குளோரைட், பயோடைட்ல கதிர்வீச்சு பட்டு கருப்பா ஒரு வளையமும் இருக்கும்.

இதுக்கெல்லாம் வயசு எப்படிச் சொல்றாங்க?

அதே ஈயத்தை வெச்சுதான். முன்னாடி மொத்தமா தாதுவைக் கரைச்சு ஐசோடோப் அளந்தாங்க, 160 கோடி வருஷத்தை ஒட்டி வயசு வந்துச்சு, ரொம்ப நாளைக்கு அதுதான் பாடப்புத்தகத்துல இருந்துச்சு. பின்னால எலக்ட்ரான் மைக்ரோபுரோப் (எலக்ட்ரான் கதிரை அடிச்சு சின்னப் புள்ளியில என்ன இருக்குன்னு அளக்குற கருவி) வெச்சு ஒத்தை ஒத்தை யுரேனினைட் மணியில, அதுவும் மணியோட நடு, ஓரம்னு தனித்தனியா யுரேனியம், தோரியம், ஈயம் அளந்து பாத்தப்ப ஜாதுகோடாவுல 188 கோடி வருஷம் வரைக்கும் போச்சு. 160 கோடியை ஒட்டியும், 100 கோடி வாக்கிலயும் பின்னால சூடாகி அசைஞ்ச தடமும் அதே மணிகள்ல இருக்கு. பழைய முறையில எல்லாத்தையும் சேர்த்துக் கரைச்சதால பழசும் புதுசும் கலந்து ஒரு சராசரி வந்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

அந்த யுரேனியமும் காப்பரும் எங்க இருந்துதான் வந்துச்சு?

இதுல சண்டை இன்னும் ஓயல. மூணு கட்சி இருக்கு.

ஜியாலஜிகல் சர்வேல இருந்த ஜே. ஏ. டன் 1930, 40கள்ல இந்தப் பகுதியை வரைபடம் போட்டவர், அவர் கணக்குப்படி இங்க இருக்கிற சோடா கிரானைட்தான் (சோடியம் ஜாஸ்தியான கிரானைட்) மூலம், அது ஆறும்போது கடைசியா வெளிவிட்ட திரவம் உலோகத்தைக் கொண்டுவந்துச்சு. மோசாபனில காப்பர் அந்தப் பாறைக்குள்ளயே கிடக்கிறதால இது ரொம்ப இயல்பா தோணும். ஆனா சோடா கிரானைட்னு பேரு வெச்ச பாறையில ஒரு பகுதி மேக்மாவே இல்ல, சோடியம் நிறைஞ்ச திரவம் ஊறி வேற பாறைதான் அப்படி மாறியிருக்குன்னு பின்னால வந்தவங்க வாதாடினாங்க.

ரெண்டாவது கட்சி, யுரேனியம் தெற்குல இருக்கிற பழைய கிரானைட், அதுல இருந்து அரிச்சு வந்து படிஞ்ச கூழாங்கல் பாறை இதுல இருந்து வந்துச்சு, காப்பரும் நிக்கலும் தன்ஜோரி எரிமலைப் பாறையில இருந்து வந்துச்சுன்னு சொல்லும். பாறைகள் சூடாகி நசுங்கும்போது வெளிவந்த தண்ணி ரெண்டையும் கழுவிக்கிட்டு ஷியர் ஸோனுக்குக் கொண்டுவந்துச்சு. காப்பருக்குத் துணையா நிக்கல், கோபால்ட் வர்றது எரிமலைப் பாறைக்கு நல்லா ஒத்துப்போகுது.

மூணாவது, இது இரும்பு ஆக்சைடு காப்பர் கோல்ட்ங்கிற வகைத் தாது இருப்புன்னு சொல்றவங்க. மேக்னடைட், அபடைட், டூர்மலின் (போரான் உள்ள கனிமம்), அரிய மண் தனிமங்கள், கொஞ்சம் தங்கம், சோடியம் ஊறி மாறின பாறைன்னு அந்த வகைக்கு உரிய அடையாளம் நிறைய இங்க இருக்கு.

என் கட்சியைக் கேட்டா, ரெண்டாவதும் மூணாவதும் ஒன்னை ஒன்னு வெட்டிக்கலன்னுதான் நினைக்கிறேன், மூலம் ரெண்டு, வழி ஒன்னு, வந்த நேரம் பல. ஒரே கிரானைட்டை மட்டும் காரணம் காட்டினா இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு விதமான உலோகத்தை விளக்குறது கஷ்டம்.

ஒலிம்பிக் டேம் மாதிரின்னு சொல்றாங்களே?

ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுக்கு வடக்கே 500 கிலோமீட்டருக்கு மேல, 1975ல கண்டுபிடிச்சது. காப்பர், யுரேனியம், தங்கம், வெள்ளி எல்லாம் ஒரே சுரங்கத்துல, யுரேனியம் இருப்புல உலகத்துலயே பெரிய ஒத்தைச் சுரங்கம். உலோகக் கூட்டணி சிங்பூம் மாதிரியே இருக்கும். ஆனா அது கிரானைட் நொறுங்கி உண்டான ஹேமடைட் (இன்னொரு இரும்பு ஆக்சைடு) பிரெக்சியா, அதாவது உடைஞ்ச துண்டுகள் ஒட்டின பாறை, மேலோட்டமான ஆழத்துல, வயசு 159 கோடி. நம்மளது ஆழத்துல நசுங்கின சிஸ்ட், பெரும்பாலும் மேக்னடைட். குடும்பம் ஒன்னுன்னு சொல்லலாம், அதைத் தாண்டி பெருசா இழுக்க வேண்டாம்.

காப்பரும் யுரேனியமும் ஒரே கனிமத்துக்குள்ளயே இருக்குமா?

இருக்கும், டோர்பர்னைட். காப்பர், யுரேனியம், பாஸ்பேட், தண்ணி சேர்ந்தது, பச்சைப் பசேல்னு தகடு தகடா இருக்கும். இது ஆழத்துல உண்டாகாது, மழைத்தண்ணியும் காத்தும் பட்டு மேல்பக்கத் தாது அழுகும்போது உண்டாகுறது. அபடைட்ல இருந்து பாஸ்பேட், சால்கோபைரைட்ல இருந்து காப்பர், யுரேனினைட்ல இருந்து யுரேனியம். காப்பருக்குப் பதிலா கால்சியம் இருந்தா அது ஆட்டுனைட், மஞ்சள். இருட்டுல புற ஊதா லைட் அடிச்சா ஆட்டுனைட் பளபளன்னு மஞ்சப்பச்சையா ஒளிரும், டோர்பர்னைட் ஒளிராது, காப்பர் அதை அணைச்சிடும். ஃபீல்டுல புற ஊதா லைட்டை மட்டும் நம்பிப் போறவங்க காப்பர் பகுதியில ஏமாந்து போறதுக்கு இதுவே காரணம்.

இந்த இடத்துல யுரேனியம் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க?

காப்பர்தான் வழி காட்டுச்சு. இந்தப் பட்டையில பழங்காலத்துலயே காப்பர் தோண்டி உருக்கியிருக்காங்க, ராக்கா பக்கம் எல்லாம் கசடு மேடு கிடந்துச்சு. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கேப் காப்பர் கம்பெனி ராக்காவுல முயற்சி பண்ணுச்சு, 1924ல இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் வந்துச்சு, 1972ல அது ஹிந்துஸ்தான் காப்பர் கைக்கு வந்துச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் 1949ல டி. என். வாடியா தலைமையில அணு கனிமம் தேடுறதுக்குன்னு ஒரு பிரிவு தொடங்குனாங்க, அவங்க கைகர் கவுண்டரைத் தூக்கிட்டு முதல்ல போன இடங்கள்ல இந்தக் காப்பர் பட்டையும் ஒன்னு. 1951ல ஜாதுகோடாவுல யுரேனியம் இருக்கிறது தெரிஞ்சுது. 1967ல யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா உருவாகி, அடுத்த வருஷம் ஆலை ஓட ஆரம்பிச்சுது. கல்பாக்கத்துல இருக்கிற பழைய ரெண்டு 220 மெகாவாட் ரியாக்டரும் உள்நாட்டு யுரேனியத்தை நம்பிக் கட்டினதுதான், கூடங்குளம் அப்படி இல்ல, அதுக்கு ரஷ்ய எரிபொருள்.

தரம் எப்படி?

யுரேனியம் ரொம்பக் குறைவு. ஜாதுகோடாவுல 0.05 சதவீதத்தை ஒட்டி, அதாவது ஒரு டன் பாறையை உடைச்சா அரைக் கிலோ. கனடாவோட சிகார் லேக்ல பத்து சதவீதத்துக்கு மேல, ஒப்பிட்டா அழுகை வரும். காப்பர் ஒரு சதவீதம், சில இடத்துல கொஞ்சம் மேல.

காப்பர் எடுத்துட்டு மீதியைக் கொட்டும்போது அதுல இருக்கிற யுரேனியம்?

அதையும் எடுத்தாங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மோசாபனி, ராக்கா, சூர்தா ஆலைகள்ல தாதுவை அரைச்சு ஃப்ளோட்டேஷன்ல காப்பர் சல்ஃபைடை நுரையோட மேல எடுத்துடுவாங்க, யுரேனினைட் நுரையோட போகாது, டெய்லிங்ஸ்லயே (மிச்சமாகிற கழிவுத் தூள்) தங்கிடும். அதுல டன்னுக்கு 100 கிராம் அளவுலதான் யுரேனியம் இருக்கும், இதுக்காக யாரும் தனியா சுரங்கம் தோண்ட மாட்டாங்க. ஆனா தோண்டுற செலவு, அரைக்கிற செலவு எல்லாம் காப்பர் கணக்குல போயாச்சே. அதனால 1970, 80கள்ல பக்கத்துலயே சின்ன ஆலை வெச்சு, குலுங்குற மேஜை மேல தண்ணியோட ஓடவிட்டாங்க, யுரேனினைட் கனம் ஜாஸ்தி, தனியா ஒதுங்கும், அதை ஜாதுகோடாவுக்கு அனுப்பிடுவாங்க. 2000ஐ ஒட்டி காப்பர் சுரங்கம் ஒன்னொன்னா மூடினதும் இந்த வரவும் நின்னுச்சு.

எதிர்ப்பக்கமும் நடந்துச்சு, ஜாதுகோடாவுல யுரேனியத் தாதுவுல இருந்து காப்பர், நிக்கல், மாலிப்டினம் சல்ஃபைடையும் மேக்னடைட்டையும் உபபொருளா எடுத்தாங்க. மேக்னடைட் நிலக்கரி கழுவுற ஆலைக்குப் போச்சு.

அப்ப அந்தக் காப்பர்ல செஞ்ச சொம்பு, ஒயர்ல ரேடியேஷன் இருக்குமா?

பயப்பட வேண்டாம். முதல்ல ஃப்ளோட்டேஷன்ல யுரேனியம் பெரும்பகுதி கீழ போயிடுது. தப்பிச்சு வந்த கொஞ்சமும் உலையில ஆக்சிஜனோட ஒட்டிக்கிட்டு கசடுக்குப் போயிடும், அதோட குணமே அதுதான். கடைசியா மின்பகுப்புல சுத்தம் பண்ணும்போது வேற எதுவும் மிஞ்சாது.

சல்ஃபைடு கூட இருக்கிறதால சுற்றுச்சூழலுக்கு ஏதாவது?

உண்டு, யுரேனியம்னா எல்லாரும் கதிர்வீச்சை மட்டும் பேசுவாங்க, பைரைட்டை மறந்துடுவாங்க. பைரைட் காத்தும் தண்ணியும் பட்டா கந்தக அமிலமா மாறும், அமிலத் தண்ணி யுரேனியத்தையும் கரைக்கும், காப்பர், நிக்கலையும் கரைக்கும். ஆலையில யுரேனியத்தைக் கரைக்க வேணும்னே கந்தக அமிலமும் மாங்கனீஸ் டைஆக்சைடும்தான் போடுறாங்க, கொட்டின இடத்துல அதே வேலை மெதுவா தானா நடக்கும். அதனாலதான் டெய்லிங்ஸை சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கி அணைக்குள்ள விடுறாங்க. தண்ணி டெஸ்ட் பண்றவங்க யுரேனியம், ரேடியத்தோட நிக்காம சல்ஃபேட்டும் காப்பரும் நிக்கலும் சேர்த்துப் பாக்கணும், சல்ஃபேட் ஏறுறதுதான் பல நேரம் முதல் எச்சரிக்கை.

இந்தியாவுல வேற எங்க இந்த ஜோடி இருக்கு?

ராஜஸ்தான். கேத்ரி காப்பருக்குப் பேர்போனது, அதுக்குத் தெற்கே சீக்கர் மாவட்டத்துல ரோஹில்னு ஒரு யுரேனிய இருப்பு, விரிசலும் ஷியரும் புடிச்சுப் போற நரம்புகள்ல, கூடவே சால்கோபைரைட், மாலிப்டினைட். சோடியம் ஊறி அல்பைட் (சோடியம் உள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம்) ஆன பாறைகள் அந்தப் பக்கம் ஒரு நீளக் கோடா போகுது, சிங்பூம்லயும் சோடியம் கதை வருதுன்னு மேல பாத்தோம்ல.

தமிழ்நாட்டுல மோயாறு, பவானி, பாலக்காடு காவேரின்னு ஷியர் ஸோனுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா அங்க பெரும்பாலும் கிரானுலைட் வகைப் பாறைகள், பூமியோட அடிமட்டத்துல அவ்வளவு சூட்டுல வெந்ததுல தண்ணியும் யுரேனியமும் முன்னாடியே வெளியேறிப் போனவை.

காப்பருக்காகத் துளை போட்டு எடுத்த பாறை உருளை (டிரில் கோர்) கையில இருக்கு, யுரேனியம் இருக்கான்னு பாக்க எதைக் கவனிக்கணும்?

சால்கோபைரைட் எங்க ஜாஸ்தின்னு பாத்து அங்க மட்டும் சாம்பிள் எடுக்காதீங்க, அதுதான் எல்லாரும் பண்றது. குளோரைட் கருகருன்னு இருக்கிற இடம், டூர்மலின் ஊசி, மேக்னடைட், அபடைட் இதெல்லாம் கூடுற இடத்தைப் பாருங்க, காப்பர் குறைவா இருந்தாலும் பரவால்ல. போர்ஹோல் முழுசுக்கும் காமா லாகிங் (துளைக்குள்ள கருவி இறக்கி காமா கதிரை அளக்குறது) பண்ணுங்க, காப்பர் பட்டைக்கு மேலயும் கீழயும் சேர்த்து. மேற்பரப்புக்குப் பக்கத்துல காமா நம்பரை அப்படியே நம்பாதீங்க, காமா பெரும்பாலும் ரேடியம் சிதைஞ்சு உண்டாகுற தனிமங்கள்ல இருந்து வருது, யுரேனியத்துல இருந்து இல்ல, மழைத்தண்ணி யுரேனியத்தைக் கழுவிக்கிட்டுப் போயிருந்தாலும் மீட்டர் துள்ளும். அந்த இடத்துக்கு கெமிக்கல் அனாலிசிஸ் கட்டாயம் பண்ணணும், தோரியமும் சேர்த்து அளந்துடுங்க. தோரியம் சூடான தண்ணில கரைஞ்சு வராது, அதனால யுரேனியம் ஏறியும் தோரியம் ஏறலன்னா அது திரவம் கொண்டுவந்து போட்ட யுரேனியமா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, ரெண்டும் சேர்ந்து ஏறினா மோனசைட் (தோரியம் உள்ள கனிமம்) மாதிரி ஏதாவது பழைய மணலோட வந்ததான்னு தின் செக்ஷன் (பாறையை மெல்லிசா சீவின தகடு) போட்டு மைக்ராஸ்கோப்ல பாத்துட்டு அப்புறம் ரிப்போர்ட் எழுதுங்க.